அனிமார்ஃப்ஸ் மறுவாசிப்பு: அந்த முடிவைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

செந்தூல் வாசகன்:

கோலாலம்பூர், பினாங்கு பக்கம் 2000-ஐ ஒட்டி வளர்ந்து, ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் படித்த நண்பர்களுக்கு அனிமார்ஃப்ஸ் அட்டைகள் ஞாபகம் இருக்கும். முதல் நூலின் அட்டையில் ஒரு பையன் படிப்படியாகப் பல்லியாக மாறுவான். பக்க ஓரத்தை விரலால் விர்ரென்று புரட்டினால் அந்த உருமாற்றம் குட்டிப் படமாக ஓடும். 1996 முதல் 2001 வரை ஸ்காலாஸ்டிக் பதிப்பகம் வெளியிட்ட சிறுவர் தொடர், முதன்மை நூல்கள் மட்டும் 54. பழைய புத்தகக் கடைகளில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து, இந்த ஆண்டு வரிசையாகப் படித்து முடித்தேன்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. யீர்க் என்பவை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த, நத்தை போன்ற புழுக்கள். காது வழியாகத் தலைக்குள் புகுந்து மூளையைச் சுற்றிக்கொண்டு உடலை ஆளும். உள்ளே மாட்டிக்கொண்டவர் எல்லாவற்றையும் பார்த்தபடி, கத்தக்கூட முடியாமல் கிடப்பார். மூன்று நாளுக்கு ஒருமுறை யீர்க் தன் குளத்துக்குத் திரும்பிக் கண்ட்ரோனா கதிரில் ஊற வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். உயிர் போகும் நிலையில் பூமியில் விழுந்த எல்ஃபாங்கர் என்ற வீரன், ஆண்டலைட் என்ற வேற்றுக்கிரக இனத்தவன், ஜேக், ரேச்சல், டோபையாஸ், காஸி, மார்கோ என்ற ஐந்து பிள்ளைகளுக்குத் தொட்ட விலங்காக மாறும் சக்தியைக் கொடுக்கிறான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மாறியே இருந்தால் திரும்ப முடியாது. யாருடைய தலைக்குள் புழு இருக்கிறது என்று தெரியாததால் அம்மா அப்பாவிடம்கூடச் சொல்ல முடியாது. குழுவின் தலைவன் ஜேக்கின் சொந்த அண்ணன் டாமே யீர்க்குகள் கையில்தான் இருக்கிறான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கடைசி இரண்டு நூல்களுக்காகவே இந்தத் தொடரைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். ரேச்சல் சாகிறாள். அவளை எதிரிக் கப்பலுக்கு அனுப்பியது ஜேக், டாமைக் கொல்வதற்காக. அதே நாளில், யீர்க்குகளின் குளம் இருந்த விண்கப்பலில் தற்காப்பு எதுவும் இல்லாமல் கிடந்த 17,372 யீர்க்குகளை விண்வெளியில் கொட்டச் சொல்கிறான். போர் முடிந்த பிறகு எதிரித் தலைவனின் விசாரணையில் அந்தத் தலைவனின் வழக்கறிஞர்கள் அந்த எண்ணைத்தான் ஜேக் முன்னால் வைக்கிறார்கள். ஜெயித்த பக்கத்தின் கையையும் விரித்துக் காட்டும் சிறுவர் கதையை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

பிறை ஆசிரியை:

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, வகுப்பு நூலகத்தையும் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தத் தொடரைக் கையில் எடுப்பது ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை. எடுப்பதற்குக் காரணம் புலியாகவும் பருந்தாகவும் மாறலாம் என்ற ஆசை. அந்த ஆசையைக் காட்டியே ஐம்பது நூல் வரை அழைத்துக்கொண்டு போய், அப்புறம் ஒரே நூலில் தோழி செத்தாள், தலைவன் உடைந்தான், டோபையாஸ் அவள் சாம்பலை எடுத்துக்கொண்டு காணாமல் போனான் என்று கொடுத்தால் அது எப்படி நேர்மை? இறுதிப் பக்கத்திலும் ஆறுதல் இல்லை. எதிரிக் கப்பல் மீது மோதச் சொல்லி ஜேக் கட்டளையிடுவதோடு கதை நின்றுவிடுகிறது. பிழைத்தார்களா என்றுகூடத் தெரியாது.

இன்னொன்று. ஒவ்வொரு நூலிலும் கை போகும், குடல் சரியும், மனித உருவுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும். ஐம்பது முறை அதைப் படிக்கும் பிள்ளைக்குக் காயம் என்பது என்னவாகத் தெரியும்?

கொம்தார் பக்கம்:

காயம் பற்றி ஆசிரியை சொன்னதில் ஒன்று விட்டுப்போகிறது. உடல் ஆறுகிறது, மனம் ஆறுவதில்லை. ரேச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நூல்களில் துணிச்சல்காரி. போகப் போகச் சண்டை இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை, அது அவளுக்கே பயமாக இருக்கிறது. உடம்பில் தழும்பே இல்லாத ஒருத்தி உள்ளுக்குள் எப்படி அரித்துப்போகிறாள் என்பதைத்தான் அவள் சொல்லும் நூல்கள் எல்லாம் காட்டுகின்றன.

என் குறை வேறு. நடுப்பகுதி தொய்வு. கே. ஏ. ஆப்பிள்கேட் என்ற பெயருக்குப் பின்னால் கேத்ரின் ஆப்பிள்கேட், அவர் கணவர் மைக்கேல் கிராண்ட் இருவரும் இருந்தார்கள். 25-ஆம் நூலிலிருந்து 52 வரை பெரும்பாலானவற்றை, அவர்கள் கொடுத்த கதைச் சுருக்கத்தை வைத்து வேறு ஆட்கள் எழுதினார்கள். 26, 32 மட்டும் விதிவிலக்கு, பிறகு 53, 54. வரிசையாகப் படித்தால் சரிவு நன்றாகத் தெரிகிறது. பாதி நூல்களில் ஒரு சாகசம் நடக்கும், கடைசிப் பக்கத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

செந்தூல் வாசகன்:

தம்பி, டோபையாஸ் சித்திரவதைப்படும் 33-ஆம் நூலும் பிறர் எழுதியதுதான். தொடரிலேயே கடினமான நூல்களில் அது ஒன்று. மற்றபடி நடுப்பகுதிக்காக நான் வாதாடப் போவதில்லை, தாண்டிப் போகலாம்.

ஆசிரியைக்கு: அதிர்ச்சி கடைசி நூலில் திடீரென்று வரவில்லை. முதல் நூலிலேயே டோபையாஸ் பருந்தாக மாட்டிக்கொள்கிறான், பல நூல்களுக்கு அவனுக்கு விடிவே இல்லை. 20 முதல் 22 வரை வரும் டேவிட் கதையை நினைத்துப் பாருங்கள். தங்களோடு சேர்த்துக்கொண்ட பையன் துரோகியாகிறான். அவனைக் கொல்ல மனம் வராமல், எலி உருவில் இரண்டு மணி நேரம் தாண்டும்வரை அடைத்து வைக்கிறார்கள். அவன் கெஞ்சுவதும் அலறுவதும், உருமாறியவர்கள் மனத்தால் பேசும் எண்ணப் பேச்சில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ரேச்சல் பக்கத்தில் காவல் இருக்கிறாள். பிறகு ஒரு பாறைத் தீவில் விட்டுவிட்டு வருகிறார்கள். இதைப் படித்த பிள்ளைக்கு 54-ஆம் நூல் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று அப்போதே தெரியும். நூலாசிரியர் ஏமாற்றவில்லை.

தண்ணீர்மலைக்காரன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டோபையாஸைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருமூலர் நினைவுதான் வரும். மாடு மேய்க்கும் மூலன் இறந்து கிடக்கிறான், பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அதைத் தாங்க முடியாமல் அந்த யோகி தன் உடலை ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலன் உடலில் புகுகிறார். பசுக்களை ஊர் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தால் பழைய உடல் இல்லை. அதன்பின் மூலனாகவே இருந்து திருமந்திரம் பாடுகிறார். கூடு விட்டுக் கூடு பாய்வது நம் பிள்ளைகளுக்கு அந்நியமான கற்பனை இல்லை. திரும்ப முடியாமல் போவதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது.

அதனால் ஆசிரியையின் பயம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

பிறை ஆசிரியை:

ஐயா, அந்தக் கதையை நானும் வகுப்பில் சொல்வேன். ஆனால் திருமூலர் இரக்கத்தால் போனவர், உடல் போனதும் அதில் ஓர் அருளைக் கண்டவர். டோபையாஸ் யாருக்கும் வேண்டாத பிள்ளை. மாமா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் மாறி மாறித் தள்ளிவிடப்பட்டவன். பின்னால் 13-ஆம் நூலில் உருமாறும் சக்தி திரும்பக் கிடைக்கிறது, பழைய மனித உருவமும் கிடைக்கிறது. நிரந்தரமாக மனிதனாகியிருக்கலாம், அவன் பருந்தாகவே இருந்துவிடுகிறான். வீட்டில் அன்பு கிடைக்காத பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. அவர்கள் அந்தப் பக்கங்களை எப்படிப் படிப்பார்கள் என்பதுதான் என் கவலை.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். 50-ஆம் நூலில் ஜேக்கின் குழு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் படையில் சேர்க்கிறது. காரணம், யீர்க்குகளுக்கு அப்படிப்பட்ட உடல்கள் வேண்டாம், அதனால் அவர்கள் தலைக்குள் புழு இருக்காது என்று நம்பலாம். அருமையான யோசனை. விபத்தால் நடக்க முடியாமல் போனவர்கள் உருமாறித் திரும்பும்போது குணமாகிறார்கள், பிறவியிலேயே அப்படி இருப்பவர்களுக்கு மரபணுவே அது என்பதால் மாற்றம் இல்லை. இங்கே எவ்வளவு எழுதியிருக்கலாம்! ஆனால் 53-ஆம் நூலில் அத்தனை பேரும் கொல்லப்படுகிறார்கள். ரேச்சலுக்குக் கிடைத்த துக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்கு இல்லை. தலைவன் ஜேம்ஸைத் தவிர எத்தனை பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறது? ஜேக் அவர்களைப் பயன்படுத்தினான் என்பது கதை. நூலும் அவர்களைப் பயன்படுத்தியது என்பது என் குற்றச்சாட்டு. போரின் விலையைக் காட்டுகிறேன் என்று சொல்லும் எழுத்து, அந்த விலையை யார் தலையில் கட்டுகிறது என்று பார்க்க வேண்டாமா?

கொம்தார் பக்கம்:

இதற்கு நானும் ஆசிரியை பக்கம்தான்.

பால்மரக்காடு:

நான் மூத்தவன், என் மகன் படித்த புத்தகங்கள் இவை. அவன் வீட்டில் விட்டுப்போனதை எடுத்துப் படித்தேன்.

பிள்ளைகள் போருக்குப் போவது கதையில் மட்டும் நடப்பது போலப் பேசுகிறீர்கள். 1943-இல் சிங்கப்பூரில் ராணி ஜான்சி படை தொடங்கியபோது மலாயாத் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள்! பலர் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். கோலாலம்பூர் ஜானகி தேவருக்கு அப்போது வயது 18. 1945-இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கினார்கள். இரவில் மழையிலும் சேற்றிலும் நடை, பகலில் விமானத்துக்குப் பயந்து மறைவு. என் பெரியம்மா ஒருவர் அந்தப் படையில் இருந்தவர். சேர்ந்த கதையைப் பாட்டோடு சொல்வார். அணிவகுப்பு, சீருடை, நேதாஜி பேசிய மேடை எல்லாம் சொல்வார். திரும்பி நடந்த கதையைக் கேட்டால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். வீட்டில் யாரும் வற்புறுத்தியதில்லை.

நாங்கள் பள்ளியில் படித்த போர்க் கதைகளெல்லாம் அணிவகுப்போடு முடிந்தன. போருக்கு அப்புறம் ஜேக் ஒன்றும் செய்ய முடியாமல் அறைக்குள் கிடக்கும் பக்கங்களைப் படித்தபோது, பெரியம்மா சொல்லாமல் விட்ட பாதியை யாரோ எழுதியது போல இருந்தது. அதைப் பத்து வயதில் படித்திருந்தால் அவரிடம் வேறு மாதிரி நடந்துகொண்டிருப்பேன். ஆகவே என் ஓட்டு செந்தூல்காரருக்கு.

பிறை ஆசிரியை:

ஐயா, உங்கள் பெரியம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் அவரோடு அதிகாரிகள் இருந்தார்கள், பயிற்சி கொடுத்தவர்கள் இருந்தார்கள், கூட நடந்த நூற்றுக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் எங்கே போய் வந்தார் என்று குடும்பத்துக்குத் தெரியும். ஜேக்குக்கு யார் இருந்தார்கள்? ஆபத்தில் இருக்கும்போது பெரியவர்களிடம் சொல்லாதே என்பதுதான் இந்தத் தொடரின் முதல் விதி. நாங்கள் வகுப்பில் நாள்தோறும் சொல்லிக்கொடுப்பதற்கு நேர் எதிர்.

செந்தூல் வாசகன்:

அந்த விதியால் என்ன ஆகிறது என்பதைத்தான் 54 நூலும் காட்டுகின்றன, டீச்சர். சொல்லாமல் வைத்ததன் விலையை மார்கோ கொடுக்கிறான். அவன் அம்மா இறந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள், உண்மையில் எதிரிகளின் மிகப் பெரிய தலைவன் அவர் தலைக்குள் இருக்கிறான். அப்பாவிடம் சொல்ல முடியாமல் அந்தப் பையன் எத்தனை நூல் தவிக்கிறான்! அதைப் படிக்கும் பிள்ளைக்கு ரகசியம் வைத்திருப்பதில் கவர்ச்சி தெரியாது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் விஷயத்தில் உங்கள் குற்றச்சாட்டு கனமானது. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்காக முடிவையே மறைக்கலாமா? அது வந்த நேரத்திலும் வாசகர்கள் கோபப்பட்டார்கள். போர்கள் அப்படி இனிமையாக முடிவதில்லை என்று ஆப்பிள்கேட் அவர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். பிள்ளைகளின் கோபத்துக்கு மதிப்பு கொடுத்துப் பதில் சொன்ன செயல் அது.

இன்னும் ஒன்று இருக்கிறது. 19-ஆம் நூலில் காஸி ஒரு யீர்க்கோடு பேசுகிறாள். உடல் கிடைக்காவிட்டால் அவை கண்ணில்லாத புழுக்களாக இருட்டுக் குளத்தில் கிடக்க வேண்டியவை என்பது அங்கேதான் உறைக்கிறது. ஒருமுறை நிறங்களைப் பார்த்த உயிரை மறுபடி குளத்துக்கே போ என்று யாரால் சொல்ல முடியும்? அந்த நூலைப் படித்துவிட்டு 53-க்கு வரும் பிள்ளைக்கு 17,372 வெறும் எண்ணாக இருக்காது. முடிவை எடுத்துவிட்டால் காஸியின் அந்தப் பேச்சும் பாதியில் நிற்கும்.

கொம்தார் பக்கம்:

2020 முதல் படக்கதையாகவும் வருகிறது, கிறிஸ் கிரைன் வரைகிறார். சின்னப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து ஆரம்பிக்கலாம். மூல நூல்கள் வேண்டுமென்றால் ஜார்ஜ்டவுனில் சௌரஸ்தா சந்தை மாடிக் கடைகளில் தேடிப் பாருங்கள்.

பிறை ஆசிரியை:

தகவலுக்கு நன்றி தம்பி.

செந்தூல் நண்பரே, 19-ஆம் நூல் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். தொடரில் எனக்குப் பிடித்த நூலும் அதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் வழியில் படிக்க 19-ம் 53-ம் ஒரே பிள்ளையின் கைக்குக் கிடைக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே யாராவது அந்தப் பிள்ளையோடு பேச வேண்டும். வகுப்பு நூலகத்தில் பிள்ளைகள் கிடைத்ததை எடுக்கிறார்கள். ஒருவன் நேராக 53-ஐ எடுத்தால் அவனுக்குக் கொலை மட்டும்தான் கிடைக்கும்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 22 வரை அலமாரியில் வைக்கிறேன். 53, 54 என் மேசையில் இருக்கும். கேட்டு வருபவர்களுக்குக் கொடுப்பேன், படித்து முடித்ததும் என்னிடம் வந்து பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு. பேச வரும்போது ஜேம்ஸோடு செத்த பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

செந்தூல் வாசகன்:

மேசைக்குள் வைப்பதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. என்னிடம் 19 முதல் 22 வரை இரண்டு பிரதி இருக்கிறது, 53-ம் கூடுதலாக ஒன்று இருக்கிறது. முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், தபாலில் போடுகிறேன். 54 மட்டும் நீங்கள் தேட வேண்டும்.