உருகிய பிலிமும் இருட்டறைப் பையனும்

தூரப்பார்வை: 1944 ஜூன் 6 அன்று, இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் கரையிறங்கியபோது, பிரான்சில் நார்மண்டியின் ஓமஹா கடற்கரையில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா எடுத்தவற்றில் பதினொரு படங்களே தப்பினவாம். 'லைஃப்' என்ற அமெரிக்க இதழின் லண்டன் அலுவலகத்தில், அவசரத்தில் பிலிம் உலர்த்தும் பெட்டியின் கதவை இருட்டறைப் பையன் ஒருவன் சாத்திவிட, சூடேறி மற்றவை உருகிவிட்டன என்கிறார்கள். இது நடக்கக்கூடியதா? பிலிம் கழுவியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஹைப்போ தாத்தா: மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் பதினாறு ஆண்டுகள் இருட்டறை வேலை பார்த்தவன் நான். சித்திரை மாதத்தில் குழாய்த் தண்ணீரே சுடும். டெவலப்பர் டேங்கை ஐஸ் வாளிக்குள் வைத்துத்தான் கழுவுவோம். ஒருநாள் ஐஸ் வாங்கச் சோம்பல்பட்டேன். முகூர்த்த ரோல் முழுவதும் கருவாட்டுத் தோல்போலச் சுருங்கிவிட்டது. அப்போதும் படம் அழியவில்லை. மாப்பிள்ளை தாலி கட்டுவது சுருக்கத்துக்கு நடுவே தெரிந்தது. காப்பாவின் மூன்று ரோல் துடைத்து வைத்ததுபோல் வெறுமையாகிவிட்டது என்றால் என் கை நம்ப மறுக்கிறது.

கிழக்குத்தெரு: மிஞ்சிய படங்களில் பிலிமின் ஓரத் துளைகள்மேல் காட்சி ஏறியிருக்கிறதே, ஐயா? பிலிம்மேல் உள்ள படப்பூச்சு சூட்டில் இளகி வழுக்கியதற்கு அதுதான் சாட்சி என்பார்கள்.

ஹைப்போ தாத்தா: அது கேமராவின் வேலை, தம்பி. காப்பா கையில் இருந்தது காண்டாக்ஸ். கோடாக் உருளை அதில் கச்சிதமாக உட்காராது; பிலிம் கொஞ்சம் விலகி ஓடும். கரையிறங்குவதற்கு முன் எடுத்த படங்களிலும் அதே கோளாறு இருக்கிறது. ஏ.டி. கோல்மன் என்ற விமர்சகரும் கூட்டாளிகளும் 2014 முதல் இதைத் துருவினார்கள். அன்று லண்டனில் படப்பிரிவு ஆசிரியராக இருந்த ஜான் மோரிஸே, தொண்ணூறைத் தாண்டிய வயதில், அந்த ரோல்களில் முதலிலிருந்தே எதுவும் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

தூரப்பார்வை: அப்படியானால் காப்பா பொய் சொன்னாரா?

ஹைப்போ தாத்தா: 1947-இல் வந்த அவருடைய நூலில் 106 படங்களில் எட்டுதான் மிஞ்சியதாக எழுதினார். மோரிஸ் சொன்னதோ பதினொன்று. கணக்கே உதைக்கிறது. கை நடுங்கியதையும் அவரே எழுதியிருக்கிறார். குண்டுகளுக்கு நடுவே பத்துப் படம் எடுத்துத் திரும்பினேன் என்றிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? என் வருத்தமெல்லாம் அந்தப் பையனுக்காகத்தான். முகூர்த்த ரோலுக்காக முதலாளி என் சம்பளத்தில் ஐம்பது ரூபாய் பிடித்தார். அது நியாயம், ஐஸ் வாங்காதவன் நான்.