வயசு 61, முடி பாதியாகிவிட்டது. கொண்டையே போதுமா, வெட்டிவிடலாமா?

தக்கலை டீச்சர்

எனக்கு வயசு 61. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. வேலை பார்த்த காலம் முழுக்க ஒரே தலைதான்: கை நிறைய தேங்காய் எண்ணெய், நடு வகிடு, இழுத்துச் சீவி ரப்பர் பேண்ட் போட்டு முறுக்கிய கொண்டை. முதல் பீரியட் மணிக்கு எப்படி இருந்ததோ கடைசி மணிக்கும் அப்படியே இருக்கும். அப்போது கொண்டை தேங்காய் அளவு, இப்போது எலுமிச்சம்பழம். அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை, போன மாசம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் மண்டபத்து மாடியில் நின்று யாரோ எடுத்த படத்தைப் பார்க்கிற வரைக்கும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், உச்சியில் இருந்து பின்னால் வரைக்கும் பளிச்சென்று வகிடு. நம்ம ஊரில் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிற நாலுவழிச் சாலையை என் தலையில் போட்டு முடித்துவிட்டார்கள் போல.

ஆகஸ்ட் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். "தோள் வரைக்கும் வெட்டிவிடு அம்மா" என்கிறாள். மைனியோ "உனக்கென்ன பைத்தியமா, ஒரு சவரி வைத்துக் கட்டு" என்கிறாள். வெட்டினால் எனக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. கோயிலில் (சர்ச்சில்) முக்காடு போட வேண்டும், பட்டு முந்தானை வழுக்கிக்கொண்டே இருக்கும், இத்தனை வருஷமும் அது கொண்டையில்தான் நின்றது. எங்கள் வீட்டில் பூ வைக்கிற வழக்கம் இல்லை, அதனால் பூ வைத்து மறைக்கவும் வழியில்லை. வட்ட முகம், கண்ணாடி உண்டு, கழுத்து கொஞ்சம் குட்டை. டை அடிப்பதைக் கிறிஸ்துமஸோடு நிறுத்தினேன், அடியில் ஒன்றரை அங்குலம் வெள்ளை, மிச்சம் கறுப்பும் செம்பட்டையுமாக இருக்கிறது. இளமையாகத் தெரிய வேண்டும் என்று கேட்கவில்லை. கல்யாணப் படத்தை நானே பார்த்துத் திடுக்கிடாமல் இருந்தால் போதும்.

மார்த்தாண்டம் பார்லர்

டீச்சர், இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், உங்களை மாதிரி கொண்டையோடு வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். முதலில் அந்த ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடுங்கள். ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் இழுத்துக் கட்டினால் நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும் வேர் களைத்துப்போய் முடி மெலியும். அதிக நாள் விட்டால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காமலே போய்விடும். சவரியும் வேண்டாம், அதன் கனத்தை எல்லாம் மிச்சமிருக்கிற முடிதானே தாங்கணும்.

வெட்டலாமா என்றால், வெட்டலாம். ஆனால் மகள் சொல்கிற அளவுக்கு வேண்டாம். வட்ட முகத்துக்கும் குட்டைக் கழுத்துக்கும் தாடையோடு நிற்கிற பாப் கட் முகத்தை இன்னும் அகலமாகக் காட்டும். தோளைத் தாண்டி இரண்டு மூன்று விரல் இறங்கி நிற்கட்டும், அந்த நீளத்தில் விட்டாலும் நன்றாக இருக்கும், சுருட்டினால் சின்னக் கொண்டையும் வரும். நுனி ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று சொல்லி வெட்டச் சொல்லுங்கள். ஸ்டெப் கட், லேயர் என்று யாராவது ஆசை காட்டினால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள், அடர்த்தி உள்ளவர்களுக்குத்தான் அது. மெலிந்த முடியில் படிபடியாக வெட்டினால் கீழே நாலு இழை எலிவால் மாதிரி தொங்கும். மட்டமாக வெட்டினால் அதே முடி இரண்டு பங்கு இருப்பதுபோலத் தெரியும். அப்புறம் ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டுவோம் இல்லையா, உங்களுக்குக் கொஞ்சம் அலை உள்ள முடி என்றால் காய்ந்ததும் மேலே ஏறிவிடும், அதனால் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

வகிடுதான் முக்கியம். நடுவில் இருந்து இரண்டு விரல் தள்ளி எடுங்கள். நாற்பது வருஷம் நடுவில் பிரிந்த முடி முதலில் அடங்காது, திரும்பிப் பழைய இடத்துக்கே ஓடும். தலை குளித்து ஈரமாக இருக்கும்போதே புது வகிடு எடுத்து இரண்டு பக்கமும் கிளிப் மாட்டிக் காயவிடுங்கள், இரண்டு வாரத்தில் பழகிவிடும். வகிடு மாறியதும் வேரில் முடி எழும்பி நிற்கும், உச்சி கொஞ்சம் உயர்ந்து முகம் நீளமாகத் தெரியும். கோடு போட்ட மாதிரி நேராக எடுக்காமல் சீப்பு நுனியால் கொஞ்சம் வளைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

வெட்டுவதை இப்போதே செய்யுங்கள். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் முடி வளரும். இப்போது கோணலானாலும் ஆகஸ்டுக்குள் சரி பண்ணலாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் போய் உட்கார்ந்தீர்கள் என்றால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சும்மா ஒரு ஆள்

61 வயசில் நம்ம தலையை யார் பார்க்கப் போகிறார்கள்? கல்யாணம் மகளுக்குத்தானே.

வடசேரி மைனி

யார் பார்ப்பார்களா? சம்பந்தி வீட்டு ஆட்கள் பார்ப்பார்கள், படம் எடுக்கிறவன் பார்ப்பான், அந்த ஆல்பத்தைப் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். அதெல்லாம் கிடக்கட்டும், தினமும் காலையில் கண்ணாடியில் அவர் தலையை அவர் பார்க்க மாட்டாரா?

டீச்சர், நான் 66, வெட்டாமல் வைத்திருக்கிற கட்சி. கொண்டை தப்பில்லை, இழுத்துக் கட்டுவதுதான் தப்பு. தலையைக் குனிந்து முடியைக் கையாலே சேர்த்து, பிடரிப் பள்ளத்துக்குக் கொஞ்சம் மேலே தளர்வாகச் சுருட்டி, கொண்டை ஊசி நாலு குத்தினால் போதும். கழுத்து குட்டை என்று சொன்னீர்கள், அதனால் ரொம்பக் கீழே இறக்கினால் தோளில் உட்கார்ந்துவிடும். காதுப் பக்கம் சீப்பு போடாதீர்கள், கொஞ்சம் தொங்கிக் கண்ணாடிக் கம்பியை மூடிக்கொள்ளட்டும். உள்ளே வைக்க ஸ்பாஞ்ச் வளையம் ஃபேன்சி கடையில் கிடைக்கும், கனமே இருக்காது. வாங்கும்போது சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். பெரிசை வாங்கினால் முடி அதை மூடாமல் வளையம் வெளியே தெரியும், எனக்கு அந்த மானக்கேடு நடந்திருக்கிறது.

முக்காடு நிற்க நான் செய்கிறது: கொண்டைக்கு முன்னால், உச்சியில் குறுக்காக இரண்டு கறுப்பு ஸ்லைடு குத்திவிட்டு, முந்தானையின் உள்பக்கத்தை ஒரு சின்ன சேஃப்டி பின் கொண்டு அந்த ஸ்லைடோடு கோத்துவிடுவேன். பட்டைக் குத்த மனசு வராது என்றால் உள்ளே ஒரு விரல் அகலத்துக்குப் பருத்தித் துணி தைத்து அதில் குத்துங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் என் தங்கை வீட்டுத் திருமணத்துக்குப் போய் இறங்கினோம், காற்றாலை சுற்றுகிற காற்று, எல்லாருடைய முக்காடும் பறந்தது, என்னுடையது நின்றது.

வளைகுடாவில் இருந்து குளச்சல்காரன்

பெண்கள் பேசுகிற இடத்தில் நுழைந்ததற்கு மன்னிக்கணும். என் அம்மைக்கு 68 வயசு, சர்க்கரை உண்டு, இரண்டு வருஷம் முன்னால் வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் ஆகிவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருமாம். தினமும் முடி கட்டிவிட அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும், அது அம்மைக்குப் பெரிய சங்கடம். கடைசியில் கழுத்தோடு வெட்டினோம். வெட்டின அன்றைக்கு அழுதார்கள். அடுத்த வாரம் வீடியோ காலில் "இடது கையாலே நானே சீவிட்டேன் மக்கா" என்று சொல்லிச் சிரித்தார்கள். டீச்சருக்குக் கை நன்றாக இருந்தால் இது பொருந்தாது. ஆனால் எந்தத் தலையாக இருந்தாலும் யார் உதவியும் இல்லாமல் தானே கட்ட முடியுமா என்று ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு முடிவு பண்ணச் சொல்லுங்கள்.

நர்ஸ் அக்கா (ஓய்வு)

ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லை. டீச்சர், முடி திடீரென்று கொத்துக் கொத்தாகப் போனதா, வருஷக்கணக்கில் மெல்ல மெலிந்ததா? கடும் காய்ச்சல், ஆபரேஷன் மாதிரி எதாவது வந்தால் இரண்டு மூன்று மாசம் கழித்துக் கொத்தாகக் கொட்டும், பயந்துவிடுவோம், ஆனால் அது பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும். வகிடு மட்டும் வருஷாவருஷம் அகலமாகிறது என்றால் அது வேறு. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் குறைந்து, ஒவ்வொரு முடியும் வளர்கிற காலம் சுருங்கி, முளைப்பதும் இழை மெலிந்தே முளைக்கும். தைராய்டும் இரும்புச் சத்தும் ஒரு தடவை இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் தோல் டாக்டரைப் பார்க்கலாம். தடவுகிற மருந்து உண்டு, பலன் தெரியவே நாலைந்து மாசம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி: இருக்கிற முடி உடையாமல் காக்கும், முடித்தண்டுக்குள்ளேயே புகுந்து புரதம் கழன்று போவதைக் குறைக்கும் என்று 2003-லேயே ஆய்வு வந்திருக்கிறது. புது முடி முளைக்க வைக்காது. வெளியே போகிற நாளில் வழிய வழிய வைத்தால் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு மண்டைதான் தெரியும். முந்தின ராத்திரி வைத்துக் காலையில் அலசிவிடுங்கள்.

டையை நிறுத்தியது நல்ல வேலை. கருகருவென்று அடித்தால் முடிக்கும் மண்டைத் தோலுக்கும் நிறம் ரொம்ப வேறுபட்டு வகிடு இன்னும் எடுப்பாகத் தெரியும், வெள்ளை முடியில் அது மங்கிப்போகும். திரும்ப அடிக்க ஆசை வந்தால் பழுப்பு எடுங்கள், கறுப்பு வேண்டாம். முதலில் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பாருங்கள். கறுப்பு டையில் பிபிடி என்று ஒரு ரசாயனம் இருக்கிறது, பத்து வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பதினோராவது வருஷம்கூட ஒவ்வாமை காட்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் டை அடித்து, கண் திறக்க முடியாமல் வீங்கி வந்த மாமியார்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

தோவாளைக்காரி

பூ வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே, எங்கள் பிழைப்பு என்னாவது! பிச்சி ஒரு முழம் வைத்தால் எந்தக் கொண்டையும் கொள்ளாம், அழகாகிவிடும். சரி, உங்கள் வழக்கம் உங்களுக்கு. சம்பந்தி வீட்டுப் பெண்களுக்காவது வாங்கிக் கொடுங்கள்.

தக்கலை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. கல்யாணம் முடிந்தது, இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. தைராய்டு கொஞ்சம் கூடக்குறைய இருந்தது, மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. மே முதல் வாரம் வெட்டினேன், தோளுக்கு மூன்று விரல் கீழே, ஒரே மட்டம். செம்பட்டையாகிப்போன நுனியெல்லாம் அதோடே போய்விட்டது. வெட்டின முடியைப் பொட்டலமாக வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் அலமாரியில் வைத்திருந்தேன், ஏன் என்று கேட்காதீர்கள். வகிடு அடங்க இரண்டு வாரம் போதவில்லை, ஜூன் கடைசி ஆயிற்று. வீட்டில் விட்டுக்கொண்டும் வெளியே போகும்போது வடசேரி மைனி சொன்ன தளர்ந்த கொண்டையுமாக இருக்கிறேன். என் சொந்த மைனி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, நாலாவது நாள் அந்த ஸ்பாஞ்ச் வளையம் எந்தக் கடையில் வாங்கினாய் என்று போன் பண்ணினாள்.

முக்காடு பாட்டு முடிகிற வரைக்கும் நின்றது, ஜெபத்துக்குக் குனிந்தபோது ஒரு பக்கம் சரிந்தது, அதற்குள் தங்கச்சி பின்னால் இருந்து பிடித்துவிட்டாள். மாடியில் இருந்து எடுத்த படம் வந்திருக்கிறது. வகிடு இருக்கிறது, தேடினால் தெரியும். பிச்சிப்பூ தோவாளையில்தான் எடுத்தோம்.

பார்லர் அக்காவிடம் ஒன்று கேட்கணும், அந்த மட்டம் குலையாமல் இருக்க எத்தனை நாளுக்கு ஒரு தடவை நுனி வெட்டணும்?

மார்த்தாண்டம் பார்லர்

எட்டு வாரம், பத்து வாரம் போகலாம் டீச்சர். அரை அங்குலம் போதும், அதற்கு மேலே கத்திரி போனால் கையைப் பிடியுங்கள்.