‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிய நாட்கள்

ராதாபுரத்துக்காரன்:

குழாயையும் வெல்டையும் சோதிக்கும் வேலையில் நம்ம பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வள்ளியூர், பணகுடி, திசையன்விளை என்று எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஷட்டவுன் (மின் நிலையத்தை நிறுத்திவைத்துச் சோதித்துப் பழுது பார்க்கும் நாட்கள்) வேலைக்குப் போகிறவர் ஒருத்தராவது பக்கத்து சீட்டில் இருப்பார். ஆனால் உள்ளே என்ன செய்கிறோம் என்று நம் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. அதனால் நான் ஆரம்பிக்கிறேன், நீங்களும் எழுதுங்கள். நிலையத்தின் பெயர், கம்பெனியின் பெயர் வேண்டாம். நடந்தது போதும்.

எங்கள் ரிப்போர்ட்டில் பெரும்பாலான நாள் வருவது ஒரே வரிதான்: ‘அறிகுறி எதுவும் இல்லை’. அந்த வரியை எழுத நான் கற்றுக்கொண்ட கதை இது.

டிப்ளமோ முடித்து, திருச்சியில் பி.டி. கோர்ஸ் படித்து, லெவல் டூ சர்டிபிகேட்டோடு முதல் அணு மின் நிலைய ஷட்டவுனுக்குப் போனேன். பி.டி. என்றால் சாயச் சோதனை. வெல்டைச் சுத்தம் செய்து சிவப்புச் சாயம் அடிப்போம். மேலே வாய் திறந்த வெடிப்பு ஏதாவது இருந்தால் சாயம் அதற்குள் இறங்கும். பிறகு மேலே உள்ள சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடித்தால், உள்ளே இறங்கியது மெல்ல ஊறி வெளியே வந்து கோடாகத் தெரியும். கேட்க எளிது.

உள்ளே போவதே ஒரு தனிப் பாடம். நம் சட்டையைக் கழற்றி அவர்கள் தரும் உடுப்பை மாட்ட வேண்டும். நெஞ்சில் இரண்டு அளவிகள். ஒன்று டி.எல்.டி. பேட்ஜ், அதற்குள் இருக்கும் சின்ன வில்லைகள் வாங்கிய கதிர்வீச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், பிறகு லேபில் சூடாக்கினால் அதற்கேற்ப ஒளி விடும். இன்னொன்று அங்கேயே பார்த்துக்கொள்ளும் டோசிமீட்டர். கதிர்வீச்சுப் பணியாளருக்கு நம் நாட்டில் ஒரு வருடத்துக்கு 30 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), தொடர்ந்து ஐந்து வருடத்துக்கு மொத்தம் 100. அதற்கு மேல் கூடாது.

திறந்த குழாய்க்குப் பக்கத்தில் வேலை என்றால் கொண்டுபோகும் ஒவ்வொரு சாமானும் எண்ணிக்கை. துணி எத்தனை, பிரஷ் எத்தனை, டப்பா மூடி எத்தனை. மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் வெளியே. ஒரு நாள் வெளியே வரும்போது ஒரு துணி குறைந்தது. நாங்கள் நாலு பேரும் முக்கால் மணி நேரம் தேடினோம். என் கையுறைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயமும் கிளீனரும்கூட கடையில் கிடைத்ததை வாங்கி அடிக்க முடியாது. குளோரின், கந்தகம் மிகக் குறைவாக இருக்கிறது என்று சர்டிபிகேட் உள்ளது மட்டும்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு, உப்பில் இருக்கும் குளோரைடு ஆகாது. உவரியில் சித்தி வீட்டு ஜன்னல் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிர்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது துரு, கண்ணுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே விரிசல் ஓடும். வெறும் கையால் வெல்டைத் தொடாதே என்று ஏன் சொன்னார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. நம் வியர்வையிலும் உப்பு இருக்கிறது.

எங்கள் குழுவுக்குப் பெரியவர் வள்ளியூர் அண்ணாச்சி ஒருவர். என்னை உண்மையான வெல்டில் கை வைக்க விடுவதற்கு முன்னால், பையிலிருந்து பழைய வேட்டித் துணியில் சுற்றிய உள்ளங்கை அளவு தகடு ஒன்றை எடுத்தார். “இதைப் பார்த்துச் சொல்லு தம்பி” என்றார்.

சுத்தம் செய்தேன், சாயம் அடித்தேன், பத்து நிமிடம் விட்டேன். அப்புறம் கிளீனர் டப்பாவைத் தகட்டின் மேல் நேராகப் பிடித்துச் சிவப்பு போகும் வரை அடித்துக் கழுவினேன். வெள்ளைப் பொடி அடித்துக் காத்திருந்தேன். தகடு பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

“ஒன்னும் இல்ல அண்ணாச்சி.”

அவர் பதில் சொல்லாமல் தகட்டை வாங்கி முதலிலிருந்து தொடங்கினார். சாயம் அடித்துவிட்டு உட்கார்ந்தார். நேரம் ஆனதும் முதலில் காய்ந்த துணியால் துடைத்தார். பிறகு இன்னொரு துணியில் கிளீனரை லேசாக அடித்து, அந்தத் துணியால், ஒரே பக்கமாக. டப்பா தகட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. வெள்ளைப் பொடியும் திரை மாதிரி மெலிசாகத்தான். கொஞ்ச நேரத்தில் இடது ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தது. பார்க்கப் பார்க்க நீண்டது.

“வெடிப்புக்குள்ள இறங்கின சாயத்தையும் சேத்துக் கழுவிட்டியே. ஒன்னும் இல்லன்னு சொல்லாதல. ஒன்னும் பாக்கலன்னு சொல்லு.”

பதினைந்து வருடம் ஆகிறது. இன்றைக்கும் அந்த வரியை எழுதும்போது பேனா ஒரு நொடி நிற்கும்.

பாளை அண்ணாச்சி (ஓய்வு):

தம்பி, உன் தகடு என் எல்போவை, அதாவது ஒரு குழாய் வளைவை, ஞாபகப்படுத்திவிட்டது. நான் அனல் மின் நிலையங்களில்தான் அதிகம் இருந்தேன். யூ.டி.யில், அதாவது ஒலி அலைச் சோதனையில், குழாயின் கனம் அளப்பது என் வேலை. ஜெல் தடவி, ஒலியை அனுப்பி வாங்கும் புரோபை வைத்தால் ஒலி உள்ளே போய் மறு சுவரில் மோதித் திரும்பும். போய்வந்த நேரத்திலிருந்து கனம் தெரியும். தண்ணீரும் நீராவியும் திரும்புகிற இடத்தில்தான் குழாய் தேயும். அதனால் வளைவுகளில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எண் எழுதுவோம்.

வெளி மாநிலத்தில் ஒரு ஷட்டவுன். ஒரு எல்போவில் ஒரே ஒரு கட்டத்தின் மேல் சாரத்தின் கிளாம்பு உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்த சாரக்காரர்களைக் கூப்பிட வேண்டும், அவர்களோ சாப்பிடப் போய்விட்டார்கள். பக்கத்துக் கட்டத்தில் இருந்த எண்ணையே சிறிது மாற்றி இதிலும் எழுதினேன். எழுதியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அறைக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. காலையில் என்ஜினியரிடம் போய், அந்த ஒரு எண் நான் அளக்காதது என்று சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். “சாரத்தை நகர்த்தச் சொல்லுங்கள்” என்றார், அவ்வளவுதான். அளந்தேன். கனம் சரியாகவே இருந்தது. என் வயிற்றில் இருந்த கல் மட்டும் இறங்கவில்லை.

சில வருடம் கழித்து ஜப்பானில் மிஹாமா அணு மின் நிலையச் செய்தி வந்தது. 2004 ஆகஸ்ட் 9. மூன்றாவது அலகில் டர்பைன் பக்கத்துக் குழாய் ஒன்று வெடித்து, சுடுநீரும் நீராவியும் பாய்ந்து, ஷட்டவுனுக்குத் தயார் செய்துகொண்டிருந்த தொழிலாளர்களில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். அது கதிர்வீச்சுள்ள தண்ணீர் இல்லை, உலையில் ஒரு கோளாறும் இல்லை. 10 மில்லிமீட்டர் கனமாக இருந்த குழாய் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது. 1976-ல் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை. அளக்க வேண்டிய பட்டியலிலேயே அது விட்டுப்போயிருந்தது.

நான் விட்ட கட்டத்தைப் பற்றி என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. இங்கேதான் முதல் முறை.

பணகுடி காற்று:

நான் ஆர்.டி. ஆள். இரிடியம் 192 என்ற கதிர்வீச்சுப் பொருளை வைத்து, எக்ஸ்ரே மாதிரி வெல்டைப் படம் எடுப்பது. இப்போது வளைகுடாவில்.

ஒரு யார்டில் ராத்திரி வேலை. படம் எடுத்து முடித்து சோர்ஸை (அந்த இரிடியத்தை) கேமராவுக்குள், அதாவது அதை அடைத்து வைக்கும் கனத்த பெட்டிக்குள், திருப்பிச் சுற்றினேன். கைப்பிடி முழுவதும் வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. அடுத்த ஃபிலிம் மாட்ட வேண்டும், கூட இருந்த பையன் கிளம்பிவிட்டான். கதிர்வீச்சைக் காட்டும் சர்வே மீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு நான் முதலில் போனேன். முள் இறங்கவே இல்லை. கேமராவை நெருங்க நெருங்க ஏறியது. நின்றேன், பையனைப் பின்னால் இழுத்தேன், கயிற்று எல்லையை இன்னும் தள்ளிக் கட்டினோம். தூரம் இரண்டு மடங்கானால் வாங்குவது நாலில் ஒரு பங்காகக் குறையும். அந்த நேரத்தில் தலையில் ஓடியது அது ஒன்றுதான். பாதுகாப்பு அதிகாரி வந்து கருவிகளோடு சோர்ஸை உள்ளே சேர்த்தார். சோர்ஸ் போய்வரும் கைடு டியூப் ஓர் இடத்தில் நசுங்கியிருந்தது.

மீட்டரை அறையில் வைத்துவிட்டு வந்திருந்தால் அந்தப் பையன் வெறும் கையால் டியூபைப் பிடித்திருப்பான். ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

வள்ளியூர் தங்கச்சி:

அண்ணன்மார்கள் இரும்பைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் பார்த்தது பாலும் மீனும். எழுதலாம்தானே?

அணு மின் நிலையம் இருக்கும் இடங்களில் சுற்று வட்டாரத்து மண், தண்ணீர், மீன், பால் எல்லாம் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். சில வருடம் அந்த மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தேன். பாலுக்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. அயோடின் 131 வெளியே வந்தால் புல்லில் படியும், மாடு மேயும், பாலில் வரும், குடிக்கிற குழந்தையின் கழுத்துச் சுரப்பியில் போய்ச் சேரும். எட்டு நாளில் பாதியாகிவிடும் சரக்கு என்பதால் தாமதிக்காமல் பார்க்க வேண்டும்.

ஒரு ஆச்சி வீட்டில் பால் வாங்குவேன். 2011, 2012-ல் கடற்கரைப் பக்கம் அணு உலைக்கு எதிராக நடந்த போராட்டத்தில் நாள் தவறாமல் போய் உட்கார்ந்தவர். என்னிடம் பால் தருவார், ஆனால் முகம் கொடுக்க மாட்டார். ஒரு நாள் கேட்டுவிட்டார்: “ஏ பிள்ள, மாசாமாசம் பால வாங்கிட்டுப் போறியே, அதுல என்னதான் இருக்கு? வந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டங்கியே.”

“ஒன்னும் இல்ல ஆச்சி” என்றேன். அன்றைக்கு எடுத்த பால் என் கையில் இருக்கிறது. முந்தைய மாதத்து ரிசல்ட்டை நான் கேட்டதுகூட இல்லை.

பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது. லேபில் இருந்த மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பாலில் பொட்டாசியம் 40 எப்போதும் இருக்கும். இயற்கையானது, நம் உடம்பிலும் உண்டு. தேடுகிற அயோடினைப் பொறுத்தவரை, ‘பூஜ்யம்’ என்று எழுத மாட்டோம், ‘இந்த அளவுக்குக் கீழே’ என்றுதான் எழுதுவோம் என்றார். கருவியால் பார்க்க முடிகிற எல்லை என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே இருப்பதைப் பற்றி அது பேசாது.

அடுத்த மாதம் ஆச்சியிடம் இதையெல்லாம் அப்படியே சொன்னேன். நேரம் எடுத்தது. அவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்ற நானும் போகவில்லை. “இப்பதான் ஒருத்தி ஒழுங்கா பதில் சொல்லியிருக்கா” என்று திண்ணையில் இடம் காட்டினார். அதற்குப் பிறகு மோர் குடிக்காமல் அந்த வீட்டை விட்டு வந்ததில்லை.

திசையன்விளை டிப்ளமோ:

அண்ணே, நான் கடைசி வருடம் படிக்கிறேன். இனிமேல் ரோபோதான் எல்லாம் பார்க்கும், இந்தக் கோர்ஸ் எடுக்காதே என்கிறார்கள். உண்மையா?

ராதாபுரத்துக்காரன்:

தம்பி, ரோபோ ஏற்கெனவே வந்தாச்சு. வந்தது நல்லதுதான், மனிதன் வாங்கும் டோஸ் அவ்வளவும் மிச்சம். கூடங்குளத்தில் உள்ள வி.வி.இ.ஆர். என்ற ரஷ்ய வகை உலையை எடுத்துக்கொள். ஒரு உலைக்கு நான்கு நீராவி உற்பத்திக் கலன்கள், படுக்கை வாக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் சுமார் 11,000 டியூப். டியூபின் வெளி விட்டம் 16 மில்லிமீட்டர், சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளே உலையின் தண்ணீர் ஏறத்தாழ 155 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஓடும், வெளியே டர்பைனுக்குப் போகும் நீராவி. நடுவில் அந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

இந்த வகை டியூபுகளை எடி கரண்ட் முறையில் பார்ப்பார்கள். இயந்திரக் கை டியூபின் வாயைத் தேடிப்போய் கம்பிச் சுருள் வைத்த புரோபை உள்ளே தள்ளும். சுருள் டியூபின் சுவரில் மின் சுழலை உண்டாக்கும். தேய்வோ வெடிப்போ இருந்தால் சுழல் கலையும், திரையில் ஒரு வளைவு நெளியும். டியூபைத் தாங்கும் தகடும் நெளிய வைக்கும், படிந்திருக்கும் கசடும் நெளிய வைக்கும். எது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஒரே பதிவை இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியாகப் படிப்பார்கள். முடிவு ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது ஆள். மோசமான டியூபை இரண்டு முனையிலும் பிளக் அடித்து மூடிவிடுவார்கள்.

உலைக் கலனுக்குள் இறக்கும் கேமராவின் படத்தில் கதிர்வீச்சால் வெள்ளைப் புள்ளிகள் மழை மாதிரி பெய்யும். அதற்கு நடுவில் ஒரு கீறலைப் பார்த்து, கீறலா நிழலா என்று சொல்லவும் பழகிய கண் வேண்டும். ஆகவே கோர்ஸை எடு. எடி கரண்டும் யூ.டி.யும் சேர்த்துப் படி, கம்ப்யூட்டர் பக்கத்தையும் விடாதே. ஆனால் பி.டி.யிலிருந்து தொடங்கு. கையால் ஒரு வெடிப்பை வெளியே வரவைத்துப் பார்த்தவனுக்குத் திரையில் தெரியும் நெளிவை நம்பலாமா வேண்டாமா என்று ஒரு பிடி கிடைக்கும்.

பாளை அண்ணாச்சி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். சொன்னதற்கு நன்றி. தங்கச்சி, அந்த ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லும்மா.

வள்ளியூர் அண்ணாச்சி ஓய்வு பெற்றபோது அந்தத் தகட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவை பார்த்து முடித்ததும் ராத்திரி முழுக்க அசிட்டோனில் ஊறப்போட்டு, பழைய சாயம் வெளியே வந்த பிறகுதான் துணியில் சுற்றி வைக்கிறேன். பொங்கலுக்கு ஊரில் இருப்பேன். திசையன்விளைத் தம்பி, நீ வந்தால் வெடிப்பு எந்த ஓரத்தில் இருக்கிறது என்று இங்கே படித்ததை மறந்துவிட்டு வா. தகட்டை நான் திருப்பி வைத்துத்தான் தருவேன்.