வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எலி: நஞ்சு வைப்பதா, வேண்டாமா?

ஆறாம்மாடிக்காரன்
எங்கள் தொடர்மாடி கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கம். இரண்டு மாதமாக எலித்தொல்லை. முதலில் கீழே நிறுத்தியிருந்த ஒரு காரின் வயரைக் கடித்தது. கார் என்னுடையதில்லை, ஆகவே நான் கவலைப்படவில்லை. போன வாரம் என் சலவை இயந்திரத்தின் குழாயைக் கடித்துவிட்டது. தண்ணீர் ஐந்தாம் மாடிக் கூரையில் ஒழுகியது. அந்த வீட்டு அன்ரி இன்றுவரை லிப்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

மாதாமாதம் நஞ்சுப் பெட்டி வைக்க ஒரு நிறுவனம் விலை சொல்லியிருக்கிறது. முகாமைத்துவக் குழுவில் பாதிப் பேர் சம்மதம், நாயும் குழந்தையும் உள்ள வீட்டுக்காரர்கள் எதிர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் நஞ்சுப் பக்கம். உங்கள் கருத்து என்ன?

நாலாம்குறுக்குத்தெரு
இதில் கருத்துக் கேட்க என்ன இருக்கிறது தம்பி? வையுங்கள். 22 வருடமாகப் புறக்கோட்டையில் பருப்பும் மல்லியும் விற்கிறேன். எலி தின்பது கொஞ்சம், கெடுப்பதுதான் அதிகம். மூட்டையின் ஒரு மூலையில் ஓட்டை விழுந்தால் முழு மூட்டையும் போனது போலத்தான். எலி மூத்திரம் பட்ட பருப்பை எந்த மனச்சாட்சியோடு நிறுத்து விற்பது? இரவில் கிட்டங்கியில் லைட்டைப் போட்டால் பெருச்சாளிகள் ஓடுவதுமில்லை. "என்ன முதலாளி, இந்த நேரத்தில்?" என்பது போல நிமிர்ந்து பார்க்கின்றன.

மாடத்துப்பூனை
ஐயாவின் பருப்பு எனக்கும் முக்கியம்தான். ஆனால் கடையில் விற்கும் நஞ்சுக்கட்டிகளில் பெரும்பாலானவை இரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற எலி சாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை ஆகும். அதுவரை மயங்கி மயங்கி வெளியில் திரியும். அந்த எலியைப் பூனையோ ஆந்தையோ பிடித்துத் தின்றால் நஞ்சு அதன் உடம்பிலும் சேரும். எங்கள் ஒழுங்கையில் போன வருடம் இரண்டு பூனைகள் மூக்கில் இரத்தம் வடியச் செத்தன. பக்கத்து வளவில் நஞ்சு வைத்தது பிறகுதான் தெரிந்தது. பூனைகள் செத்த பிறகு எலி குறைந்ததா என்று கேட்காதீர்கள். ஒழுங்கைக்கு நாலு பூனையை ஒழுங்காகச் சோறு போட்டு வளர்த்தால் போதும்.

பழைய_பரிசோதகர்
பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி நஞ்சைப் பற்றிச் சொன்னது சரி, பூனையைப் பற்றிச் சொன்னது பிழை. நியூயோர்க்கில் ஒரு கழிவுப்பொருள் நிலையத்தில் கமரா வைத்து 79 நாள் பார்த்தார்கள். எலிகள் நிறைய, பூனைகளும் இருந்தன. அத்தனை நாளில் பூனைகள் கொன்றது இரண்டே எலிகளை. பூனை சுண்டெலியைப் பிடிக்கும். கால் கிலோவைத் தாண்டிய வடிகான் எலியோடு மல்லுக்கட்ட அதற்கென்ன பைத்தியமா, சோறு போட நீங்கள் இருக்கும்போது?

ஆறாம்மாடித் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் எலி எது? கூரையிலும் குழாயிலும் ஏறுவது கறுப்பு எலி. உடம்பு ஒல்லி, வால் உடம்பைவிட நீளம். நிலத்தில் வளை தோண்டி வடிகானில் வாழ்வது பழுப்பு எலி, பருத்தது. ஆறாம் மாடிவரை வந்தது அநேகமாகக் கறுப்பு எலி. அதற்குக் கீழே கார் நிற்கும் இடத்தில் நஞ்சுப் பெட்டி வைப்பது, நோயாளி ஒருவர் இருக்க வேறொருவருக்கு மருந்து கொடுப்பது போல.

ஆறாம்மாடிக்காரன்
ஐயா, நான் கண்டது வாலை மட்டும்தான். நீளமாகத்தான் இருந்தது.

மருதானை_ஓட்டோ
எல்லோரும் படித்தவர்கள் போலிருக்கிறது. என் யோசனை எளிது. ஒரு எலி வாலுக்கு 100 ரூபாய் என்று மாநகர சபை அறிவிக்கட்டும். வேலையில்லாத பையன்கள் ஒரு மாதத்தில் கொழும்பைத் துடைத்துவிடுவார்கள்.

பழைய_பரிசோதகர்
1902இல் ஹனோயில் பிரெஞ்சுக்காரர் இதைச் செய்து பார்த்தார்கள் மகனே. தாங்கள் புதிதாகக் கட்டிய கழிவுநீர்க் குழாய்களில் எலி பெருகிவிட்டது என்று வாலுக்குக் காசு கொடுத்தார்கள். சில நாளில் வாலில்லாத எலிகள் தெருவில் ஓடத் தொடங்கின. வாலை வெட்டிவிட்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள். காசுக்காக எலி வளர்த்தவர்களும் இருந்தார்கள்.

மருதானை_ஓட்டோ
நம் ஆட்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.
(சரி, செய்வார்கள்.)

நாலாம்குறுக்குத்தெரு
மும்பையில் மாநகராட்சி இரவில் ஆள் வைத்துத் தடியாலும் டோர்ச் வெளிச்சத்தாலும் எலி அடிக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு இரவில் 30 எலி என்று கணக்கு. அங்கே வாலைக் காட்டினால் போதாது, எலியையே கொண்டுவர வேண்டும். முடியாது என்று ஹனோயைக் காட்டுகிறீர்கள். முடியும் என்று நான் மும்பையைக் காட்டுகிறேன்.

பழைய_பரிசோதகர்
அதே மும்பையில் எத்தனை வருடமாக அடிக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். பெண் எலிக்கு 21 முதல் 23 நாளில் பிரசவம், ஒரு ஈற்றில் ஏழெட்டுக் குட்டி. பிறந்த குட்டி மூன்று மாதத்துக்குள் தாயாகிவிடும். பாதியைக் கொன்றால் மீதிப் பாதிக்கு அதே சாப்பாடு இரண்டு பங்காகக் கிடைக்கும். இடம் நிரம்ப நாளாகாது.

கொலன்னாவை
நீங்கள் பூனை, வால், மும்பை என்று பேசிக்கொண்டிருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு என் அண்ணன் வெறுங்காலோடு சேறு வாரினான், காலில் சிறு காயம். பத்து நாளில் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத நோவு, கண் சிவப்பு. டெங்கு என்று நினைத்து இரண்டு நாளைக் கடத்திவிட்டோம். எலிக்காய்ச்சல், எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் சேறும் காயத்தில் பட்டு வருவது. சிறுநீரகம் நின்று, இரத்தம் சுத்திகரித்து, 19 நாள் ஆஸ்பத்திரி. பிழைத்தான். 2008இல் இந்த நாட்டில் 7,000 பேருக்கு மேல் அந்தக் காய்ச்சல் என்று பதிவானது, ஏறத்தாழ 200 பேர் செத்தார்கள். உங்களுக்கு எலி என்றால் சலவை இயந்திரக் குழாய். எங்களுக்கு அப்படியில்லை.

ஆறாம்மாடிக்காரன்
மன்னிக்க வேண்டும் அண்ணா. இவ்வளவு யோசித்து நான் எழுதவில்லை.

கொலன்னாவை
மன்னிப்பு எதற்கு? ஒன்றை மட்டும் சொல்லுங்கள். உங்கள் தொடர்மாடிக் குப்பையை எப்போது வெளியே வைக்கிறீர்கள்?

ஆறாம்மாடிக்காரன்
லொறி காலையில் வரும். காவலாளி முதல்நாள் இரவு பத்து மணிக்கே வெளியே அடுக்கிவிடுவார். கறுப்புப் பைகளில்தான், கட்டித்தான்.

கொலன்னாவை
அதுதான் விஷயம். இரவு பத்து மணிக்கு மீன்தலையும் புரியாணிச் சோறும் பையில் கட்டி மதில் ஓரத்தில் பந்தி வைத்துவிட்டு, எலி வருகிறது என்று கூட்டம் போடுகிறீர்கள். நகரத்தின் குப்பை எல்லாம் எங்கள் பக்கம் மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்து, 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் சரிந்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். அப்போதாவது பழக்கம் மாறும் என்று நினைத்தேன்.

நாலாம்குறுக்குத்தெரு
குப்பைக்கும் எலிக்கும் சம்பந்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் கடையில் குப்பையே எலியின் சாப்பாடு இல்லை, சரக்குதான் சாப்பாடு. சரக்கை லொறியில் ஏற்றிவிட்டால் நான் என்ன விற்பேன்? எல்லோருக்கும் ஒரே மருந்து சொல்லாதீர்கள்.

பழைய_பரிசோதகர்
முதலாளி இப்போது சரியான இடத்துக்கு வந்துவிட்டார். 1914இல் கொழும்பில் முதல்முதலாகப் பிளேக் புகுந்தபோது உங்கள் பக்கத்து அரிசிக் கடைகளும் கிட்டங்கிகளும்தான் அதிகம் அடிபட்டன. அரிசி வந்த கப்பலில் எலியும், எலியோடு தெள்ளும் வந்தன. மாநகர சபையின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹேர்ஸ்ட் எலித்தெள்ளுகளை வகை பிரித்துப் பார்த்தார். எல்லாத் தெள்ளும் பிளேக்கைச் சமமாகப் பரப்பாது என்று இந்த நகரத்தில் செய்த வேலையால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. நம்மவர்களுக்கு அது தெரியாது என்பது வேறு கதை.

மூட்டையைத் தரையில் போடாமல் ஓரடி உயரப் பலகையில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். எலிக்கு ஒளிவு இல்லாத இடம் பிடிக்காது. கிட்டங்கிக்குள் பூட்டிய பெட்டியில் நஞ்சு வைக்கிறீர்களா, நான் எதிர்க்கவில்லை. திறந்த தட்டில், கோதுமை மாவோடு பிசைந்து வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

மாடத்துப்பூனை
சிலர் இன்னும் சிங்க் பொஸ்பைட் வைக்கிறார்கள். அதற்கு மாற்றுமருந்தே இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது. ஒட்டும் அட்டையும் வேண்டாம், அதில் ஒட்டிய எலி இரவு முழுவதும் கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா?

மருதானை_ஓட்டோ
பிள்ளையார் வாகனத்தை இப்படிப் பேசுவது அம்மாவுக்குத் தெரிந்தால் எனக்கு இரவுச் சோறு இல்லை.

பழைய_பரிசோதகர்
அது மூஞ்சூறு என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மூஞ்சூறு எலியே இல்லை, பூச்சி தின்பது.

ஆறாம்மாடித் தம்பி, வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் குப்பையை மூடியுள்ள தொட்டிக்குள். அடுத்து உள்ளே இருக்கும் எலிகளைப் பொறியில் பிடியுங்கள். சுட்ட தேங்காய்ச் சொட்டு அல்லது கருவாடு. பொறியை முதல் மூன்று நாள் கொளுவாமல் திறந்தே வையுங்கள், புதுப் பொருளைக் கண்டால் எலி சந்தேகப்படும். கடைசியாகத்தான் ஓட்டைகளை அடைக்க வேண்டும். பெருவிரல் நுழையும் ஓட்டை எலிக்கு வாசல். கம்பி நாரைத் திணித்து மேலே சீமெந்து பூசுங்கள்.

ஆறாம்மாடிக்காரன்
கூட்டம் முடிந்தது. நஞ்சு தோற்றது, 21க்கு 17. மூடித் தொட்டி வாங்க முடிவானது. காவலாளி இனிக் காலை ஐந்து மணிக்குத்தான் குப்பையை வெளியே வைப்பார், அதற்கு அவருக்கு மேலதிகச் சம்பளம். அன்ரி என் பக்கம் வாக்களித்தார், ஆனால் நான் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது.

ஏசிக் குழாய் வரும் ஓட்டையைக் கண்டுபிடித்து நேற்றே கம்பி நாரும் சீமெந்தும் வைத்து அடைத்துவிட்டேன். ஒரு சந்தேகம் ஐயா. நேற்று இரவிலிருந்து சமையலறைக் கூரைக்குள் ஏதோ விறாண்டுகிறது.

பழைய_பரிசோதகர்
பொறி வைத்தீர்களா?

ஆறாம்மாடிக்காரன்
இல்லை. பொறி நாளைக்குத்தான் வாங்கலாம் என்று இருந்தேன்.