கலைச்சொல் தேவை: 'காம்பாக்ட் ஸ்டீரியோ' (வெள்ளிக்குள்)

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். சிறிய வீடுகளுக்கு ஸ்டீரியோ தேர்ந்தெடுப்பது பற்றிய நுகர்வோர் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பிலேயே நிற்கிறேன்: 'காம்பாக்ட் ஹோம் ஸ்டீரியோ சிஸ்டம்'. உள்ளே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலியைத் தரும் ஊஃபர், உயர்ந்த ஒலியைத் தரும் ட்வீட்டர் என்று மேலும் மூன்று. படிக்கப்போகிறவர்கள் பத்துக்குப் பத்து அறையில் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சிய இடத்தில் பாட்டுக் கேட்க விரும்புகிறவர்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும், கடைக்காரருக்கும் புரிய வேண்டும்.

மயிலைப் புலவர்:
அம்மா, ஸ்டீரியோ என்பதன் வேர் கிரேக்கம். திண்மை என்று பொருள். ஆகவே திண்ணொலி. திண்மை, திண்ணம், திண்ணியர் என ஒரு குடும்பமே நமக்கு இருக்கிறது. 'எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்' என்ற இடத்தில் வள்ளுவர் எந்த அகராதியைத் தேடினார்? திண்ணையும் இந்த வேர்தான் என்பது என் கருத்து. குறுந்தகடு என்று முன்பே சொல்லிப் பழகிவிட்டோம். அதே வழியில் குறுந்திண்ணொலி.

ரிச்சி தெரு அன்பர்:
ஐயா, குறுந்திண்ணொலி கேட்டு வருபவரை நான் மருந்துக் கடைக்கு அனுப்பிவிடுவேன். எங்கள் கடையில் 'ஸ்டீரியோ செட்' என்பார்கள், ஸ்பீக்கரைப் 'பாக்ஸ்' என்பார்கள். இரண்டும் போதாதா?

வளசரவாக்கத்திலிருந்து:
நான் யாழ்ப்பாணத்துக்காரன். உங்கள் குறுந்தகடு எங்களுக்கு இறுவட்டு. 'காம்பாக்ட்' என்பதில் குறுமையைவிட இறுக்கம்தான் முதன்மை என்று எங்கள் ஆட்கள் நினைத்திருக்க வேண்டும். ஸ்டீரியோவுக்கு இணையொலி என்று வைக்கலாம். இணையடி என்றால் இரண்டு அடிகள். இணைமோனையும் முதலிரு சீரில்தான் வரும்.

கிண்டிப் பொறியாளர்:
இணையொலி நன்றாக இருக்கிறது. ஆனால் இன்றைய வாசகர் 'இணைய ஒலி' என்று படித்து, வைஃபை வேண்டுமா என்பார். இன்னொரு தடையும் உண்டு. ஸ்டீரியோ என்றாலே இரண்டு என்பது பிற்காலப் பழக்கம். 1931இல் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஆலன் புளூம்லைன் அதை 'இருசெவி ஒலி' என்ற பொருளில்தான் அழைத்தார், அது சரி. ஆனால் 1933இல் பெல் ஆய்வகத்தார் பிலடெல்பியா இசைக்குழுவின் வாசிப்பை வாஷிங்டனுக்கு அனுப்பியபோது மூன்று ஒலித் தடங்களைப் பயன்படுத்தினார்கள். பொருள் என்னவோ ஒலிக்கு அகலமும் ஆழமும் உண்டு என்பதுதான். அந்த வகையில் புலவர் ஐயாவின் திண்ணொலிக்குக் கருத்தளவில் குறையில்லை, காதில்தான் குறை.

ரிச்சி தெரு அன்பர்:
மூன்று பெட்டியோடு வந்தால் எங்கள் தெருவில் அதன் பெயர் ஹோம் தியேட்டர். சிறிய ஸ்டீரியோவுக்கு இரண்டு பெட்டிதான். வாஷிங்டனை விடுங்கள்.

மயிலைப் புலவர்:
சரி, இணையொலி என்றே கொள்வோம். அதன் முன் குறுமையைச் சேர்த்தால் இலக்கணம் என்ன சொல்கிறது? ஈறுபோதல், தன்னொற்று இரட்டல்: ஈற்று 'மை' போகும், மிஞ்சிய ஒற்று இரட்டிக்கும். குறுமையோடு இயலும் உகரமும் சேர்ந்து குற்றியலுகரம் ஆனதுபோல், குறுமையும் இணையொலியும் சேர்ந்து குற்றிணையொலி.

வளசரவாக்கத்திலிருந்து:
புலவர் ஐயா, அதைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்குப் போவார். கடன்சொல்லே இருக்கட்டும். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே', காலத்தால் வழக்கில் வந்த சொல்லை விலக்க வேண்டாம் என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார்.

மயிலைப் புலவர்:
தொல்காப்பியத்தின் அதே எச்சவியலில் 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி, என்றும் இருக்கிறது. முதலில் அந்த 'ஸ்'-ஐ ஒரீஇவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம். இசுட்டீரியோ என்றாவது எழுதலாம்.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்:
இசுட்டீரியோ என்று அச்சிட்டால் பிழை திருத்தவில்லை என்று என்னைத்தான் திட்டுவார்கள். தலைப்பை ஒத்திவைப்போம். ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் யாராவது வழி சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒன்று நாய், இன்னொன்று பறவை. குரைப்பி, கீச்சி என்று போட எனக்கு ஆசைதான்.

மயிலைப் புலவர்:
நாய் எதற்கு அம்மா? தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலைகள் சிலப்பதிகாரக் காலத்திலிருந்தே உண்டு. தாழ்ந்த ஒலிக்கு மெலிவுப் பெட்டி, உயர்ந்த ஒலிக்கு வலிவுப் பெட்டி.

ரிச்சி தெரு அன்பர்:
பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, நன்றாக வேண்டும் என்று கேட்பவரிடம் 'இதில் பெரிய மெலிவு இருக்கிறது' என்றால் வாங்குவாரா?

கிண்டிப் பொறியாளர்:
தாழ்ந்ததற்கு மந்தரம், உயர்ந்ததற்குத் தாரம் என்று சொல்லலாம் என நினைத்தேன். தாரம் ஏழாம் சுரத்தின் பெயராகவும் இருக்கிறது, மனைவியையும் குறிக்கிறது. 'தாரம் கிழிந்துவிட்டது, மாற்றித் தருவீர்களா' என்று கடையில் கேட்க முடியாது. ஊஃபர், ட்வீட்டர் அப்படியே இருக்கட்டும்.

எனக்கு உண்மையான கவலை 'புக்‌ஷெல்ஃப்' பற்றித்தான். 'புத்தக அலமாரி ஸ்பீக்கர்' என்று எழுதினால் வாசகர் அதை அலமாரிக்குள் செருகிவிடுவார். பல பெட்டிகளுக்குப் பின்புறம் காற்றுத் துளை இருக்கும். சுவரோடு ஒட்டினாலோ மூலையில் வைத்தாலோ பாஸ் வீங்கி, பாட்டு தெளிவிழந்து குமுறும். பத்தடி நீள அறையில் ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில் ஒலி தானாகவே எழும்பும். அகலமும் பத்தடியாக இருந்தால் அதனால் எழும்புவதும் அதே ஹெர்ட்ஸில் சேர்ந்துகொள்ளும். சென்னையின் சதுர அறைகளுக்குப் பெரிய ஊஃபர் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். சின்னப் பெட்டி இரண்டு, அவற்றோடு கேட்பவரும் சேர்ந்து சமபக்க முக்கோணம், சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி. இவ்வளவு போதும். வாட் கணக்கில் ஆர்.எம்.எஸ். எண்ணை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்டை, மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சம்) என்று அட்டையில் அச்சிட்ட ஆயிரக்கணக்கான வாட் வெறும் அலங்காரம். உண்மையான வாட்டையே இரட்டிப்பாக்கினாலும் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும்.

வளசரவாக்கத்திலிருந்து:
மாடப்பெட்டி? விளக்குமாடம் மாதிரி.

கிண்டிப் பொறியாளர்:
மாடமும் மூன்று பக்கம் அடைத்ததுதானே ஐயா. துளை மறுபடியும் சுவரைப் பார்க்கும்.

மயிலைப் புலவர்:
மாடம் என்றதும் நினைவு வருகிறது. சிறிய வீடு என்பதற்குச் சிற்றில் என்ற அருமையான சொல் இருக்கும்போது நாம் ஏன் அலைகிறோம்? 'சிற்றில் நற்றூண் பற்றி' என்று புறநானூற்றில் ஒரு தாய் பேசுகிறாள். பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவமே தனியாக உண்டு. சிற்றிலொலி! வீடும் வந்தது, சிறுமையும் வந்தது, இலக்கணமும் இடிக்கவில்லை.

ரிச்சி தெரு அன்பர்:
பிள்ளைத்தமிழில் அந்தச் சிற்றிலைக் குழந்தை காலால் சிதைக்குமே ஐயா. உத்தரவாதத்தில் அது அடங்காது.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர்:
நாளை வெள்ளி. புலவர் ஐயாவின் சிற்றிலிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டு 'சிற்றறை ஸ்டீரியோ' என்று தலைப்பு வைக்கிறேன். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் 'சிறுபெட்டி ஸ்பீக்கர்' ஆகிறது. அலமாரிக்குள் வைக்கக் கூடாது என்று கட்டம் கட்டிப் போடுகிறேன். ஒலிபெருக்கி என்று எழுதவில்லை. அந்தச் சொல் ஆம்ப்ளிஃபயரையும் குறிக்கிறது, ஸ்பீக்கரையும் குறிக்கிறது, போதாக்குறைக்குக் கல்யாணப் பந்தலையும் நினைவூட்டுகிறது. மறுப்பு உண்டா?

கிண்டிப் பொறியாளர்:
கருவியின் அளவை அறையின் மேல் ஏற்றிவிட்டீர்கள். பரவாயில்லை, வாங்குபவர் அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சரி.

ரிச்சி தெரு அன்பர்:
சரி. பத்துப் படி அனுப்புங்கள், கடையில் வைக்கிறேன்.

வளசரவாக்கத்திலிருந்து:
சிற்றறை என்றால் கன்னத்தில் விழும் சின்ன அறையும்தான். இருந்தாலும் களைத்துவிட்டேன், சரி.

மயிலைப் புலவர்:
எனக்குச் சரியில்லை. முன்பாதி தமிழ், பின்பாதி கிரேக்கம். பெரும்பான்மையோடு சண்டை போட இன்று நேரமில்லை, எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்புக்கு முன் இணையொலி பற்றித் தனி மடல் எழுதுவேன். திண்ணையின் வேரையும் அதில் நிறுவிவிடுகிறேன்.