அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தால் பாலியல் சுற்றுலாவில் தவறு இல்லையா?

நெடுவழி (கேள்வி):
வணக்கம். வெளிநாட்டுக் குழுப் பயணங்களை ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். சில குழுக்கள் பாலியல் தொழிலுக்குப் பேர்போன பகுதிகளைப் பயணத் திட்டத்தில் சேர்க்கச் சொல்கின்றன. "அங்கே அது குற்றமில்லை, அந்தத் தொழிலில் இருப்பவரும் வயது வந்தவர், பணமும் அவருக்குத்தானே போகிறது" என்பது அவர்களின் வாதம். வெளிநாட்டில் செய்ததற்குச் சொந்த நாட்டுச் சட்டம் ஒருவரைத் தண்டிக்க முடியுமா? சட்டம் தடுக்காத இடத்தில் அறம் பற்றிப் பேச ஏதேனும் இருக்கிறதா?

கறுப்பங்கி:
முடியும். சிறார் சம்பந்தப்பட்டிருந்தால் பல நாடுகளின் சட்டம் தன் குடிமகனை எல்லை தாண்டியும் தொடர்கிறது. ஆஸ்திரேலியா 1994இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருடன் பணத்துக்கு உறவு கொள்பவருக்கு 30 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்; அந்த ஊரில் சம்மத வயது குறைவு என்ற வாதம் அங்கே எடுபடாது. லாப நோக்கில், தெரிந்தே அத்தகைய பயணத்தை ஏற்பாடு செய்பவருக்கும் அதே அளவு தண்டனை உண்டு என்பதை உங்கள் நிறுவனம் கவனிக்க வேண்டும். நார்வே இன்னும் ஒரு படி மேலே போய், 2009 முதல் தன் குடிமக்கள் வெளிநாட்டில் வயது வந்தவரிடம் பாலியல் சேவை வாங்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது.

"அங்கே குற்றமில்லை" என்பதும் பெரும்பாலும் கேள்விப்பட்ட கதைதான். எல்லாம் அனுமதிக்கப்பட்டதாகப் பலர் நம்பும் தாய்லாந்தில், 1996ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் தொழிலைத் தடைசெய்கிறது; 15 முதல் 18 வயதுக்குட்பட்டவரிடம் செல்லும் வாடிக்கையாளருக்கு, அந்தச் சிறார் சம்மதித்திருந்தாலும், ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் வெளிநாட்டில் நடந்ததைச் சொந்த நாட்டில் வழக்காக நிரூபிப்பது கடினம்: சாட்சி ஒரு நாட்டில், நீதிமன்றம் வேறொரு நாட்டில்.

தேன்மொழி:
இரண்டாவது கேள்விதான் என்னை உறுத்துகிறது. வயது, விருப்பம் இரண்டையும் அந்தப் பயணி எப்படி உறுதி செய்துகொள்வார்? கடன்பிணையில், அதாவது கடனைத் தீர்க்கும்வரை விலக முடியாத வேலையில், சிக்கிய பெண்ணின் கடன் கணக்கு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்: அழைத்து வந்த செலவு, அறை வாடகை, உடை, வேலைக்கு வராத நாளுக்கு அபராதம் எல்லாம் அவள் பெயரிலேயே எழுதப்படும், கடவுச்சீட்டு மேலாளரின் மேசை இழுப்பறையில் கிடக்கும். வாடிக்கையாளர் முன் அவள் சிரித்துத்தான் ஆக வேண்டும். ஆள்கடத்தல் தொடர்பான ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு நெறிமுறை, வற்புறுத்தலோ ஏமாற்றோ இருந்தால் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று கூறுவது இதனால்தான். பணம் அவளுக்குத்தான் போகிறது என்பவர்கள் அந்தக் கணக்கேட்டைப் பார்த்ததில்லை.

வெளிச்சுற்று:
தேன்மொழி சொல்வது உண்மை. ஆனால் இத்தொழிலில் இருக்கும் எல்லாரையும் கடத்தப்பட்டவர்களாகக் கருதுவது, தெரிந்தே இதைத் தேர்ந்தவர்களின் வாயை அடைப்பதாகும். மீட்பு என்ற பெயரில் நடக்கும் சோதனைகளில் அவர்கள் தடுப்புக்காவலுக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளாகிறார்கள். 2003இல் பாலியல் தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிய நியூசிலாந்தில்கூட, தற்காலிக விசாவில் வந்தவர்கள் இதில் ஈடுபட முடியாது. ஆகவே, அடித்தாலும் ஏமாற்றினாலும் காவல் நிலையத்துக்குப் போக அவர்கள் அஞ்சுகிறார்கள். சட்டபூர்வம் என்ற சொல்லை நம்பிப் போகும் பயணி, எதிரில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்துகிறதா என்று கேட்பதே இல்லை.

நெடுவழி:
நன்றி. மேலாளரிடம் அறம் பேசினால் எடுபடாது, பொறுப்பு பேசினால் எடுபடும் என்று தோன்றுகிறது. எழுத்தில் எதை முன்வைக்கலாம்?

கறுப்பங்கி:
சிறார் பாதுகாப்புக்காக, சிறார் மீதான பாலியல் சுரண்டலை எதிர்க்கும் எக்பாட் (ECPAT) அமைப்பின் முயற்சியால் 1990களில் உருவான நடத்தை நெறி ஒன்று சுற்றுலாத் துறையில் இருக்கிறது. ஊழியர்களுக்குப் பயிற்சி, விடுதிகளுடனான ஒப்பந்தத்தில் சிறார் சுரண்டலை மறுக்கும் விதி, பயணிகளுக்குத் தகவல் ஆகியவற்றை அது கேட்கிறது. ஒப்பந்த விதியிலிருந்து தொடங்குங்கள். மீறும் விடுதியுடனான ஒப்பந்தத்தை உடனே முறிக்கலாம் என்ற வரி அதில் இருக்கட்டும். வயது வந்தோர் விஷயத்தை அந்த நெறி தொடுவதில்லை. அதற்கு, அத்தகைய இடங்களை நிறுவனம் ஏற்பாடு செய்யாது என்று முன்பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.