உதைத்ததும் நிறுத்துங்கள்: ஃப்ராக் கிக் அனுபவங்கள்

ஸ்கூபா டைவிங்கில், வண்டல் படிந்த தரைக்கு ஒரு முழம் மேலே ஃப்ளட்டர் கிக் (காலை மாறி மாறி மேலும் கீழும் உதைப்பது) போட்டால், பின்னால் வருகிறவருக்குப் புழுதிதான் மிச்சம். ஒவ்வொரு கீழ் உதையும் தண்ணீரைத் தரையில் அறைகிறது. ஃப்ளோரிடா குகைகளில் இறங்குகிறவர்கள் ஃப்ராக் கிக்கை (தவளை மாதிரி உதைப்பது) விடாததற்கு அதுதான் காரணம். அங்கே வண்டல் கிளம்பினால் வெளியே வர வழிகாட்டும் கயிறே கண்ணுக்குத் தெரியாது.

உடம்பு படுக்கையாக, தொடை முதுகுக்கு நேராக, முழங்கால் 90 டிகிரி மடங்கி, ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) தரைக்கு இணையாக இருக்கட்டும். கணுக்காலை வெளிப்பக்கம் திருப்பி, உள்ளங்காலால் தண்ணீரைப் பிடித்துப் பின்னோக்கி வளைத்துத் தள்ளி, இரண்டு பாதமும் சேரும்போது நிறுத்துங்கள். 2, 3 விநாடி சும்மா வழுக்கிப் போகட்டும். வேகம் குறைந்த பிறகு காலை மெதுவாக மடக்குங்கள். அவசரமாக மடக்கினால் அதுவே பிரேக்.

——

அண்ணன் சொன்னதோடு ஒண்ணு சேர்த்துக்கறேன். பாதிப் பேருக்குக் கோளாறு கால்ல இல்ல, மூழ்கறதுக்காகக் கட்டுற ஈய வெயிட்ல. வெயிட் அதிகமானா கால் தொங்கும், உதை கீழே போகும், அந்த உதைதான் ஆளைத் தூக்கி வெச்சிருக்கும். கையைக் கட்டி, காலை அசைக்காம, சாதாரணமா மூச்சு விட்டுப் பாருங்க. தொடர்ந்து இறங்கினீங்கன்னா ஒண்ணு பிசிடியில (மிதப்பைச் சரிபண்ற காத்து ஜாக்கெட்) காத்து பத்தல, இல்ல வெயிட் கூடுதல். சிலிண்டர் அழுத்தம் 50 பாருக்கு வந்தப்புறம், பிசிடியைக் காலி பண்ணி 5 மீட்டர்ல நிக்க முடியுதான்னு பார்த்தா எதுன்னு தெரிஞ்சிடும். புது ஃபின் வாங்கினா சரியாயிடும்ங்கறது கடைக்காரருக்கு மட்டும் நல்ல யோசனை.

ஒரு கால் மட்டும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டுதுன்னா உடம்பு ஒரு பக்கமாவே திரும்பும். அது உங்களுக்குத் தெரியாது, கூட வர்றவர் வீடியோ எடுத்தாத்தான் தெரியும்.

——

திருகோணமலை புறாத் தீவு மாதிரி ஆழம் குறைந்த பவளப் பாறைகளில் பேக் கிக் (பின்னோக்கி நகர வைக்கும் உதை) இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். முன்னால் பாறை வந்ததும் நிமிர்ந்து நின்று பிரேக் போடுகிறார்கள், ஃபின் பவளத்தில் இடிக்கிறது.

காலைப் பின்னால் நீட்டிச் சேர்த்து வையுங்கள். பாதத்தை முழங்கால் பக்கம் மடித்து, ஃபினின் வெளி ஓரத்தால் தண்ணீரைக் கொக்கி போட்டு, வெளியே விரித்து இடுப்பை நோக்கி இழுங்கள். திரும்ப நீட்டும்போது விரலைக் கூராக்கி, தண்ணீரைக் கத்தி மாதிரி வெட்டிப் போக வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள்: தட்டையாக நீட்டினால், கிடைத்த ஒரு அடியும் முன்னோக்கிப் போய்விடும். நடுவில் பிளந்த ஃபினில் இதற்குப் பிடிமானம் கிடைக்காது. அகலமான, விறைப்பான குட்டை ஃபின்தான் சரி. நீச்சல் குளத்துச் சுவரைப் பார்த்து மிதந்துகொண்டு விலகிப் பழகுங்கள்.

——

எதிர் நீரோட்டத்தில் மட்டும் ஃப்ளட்டர் கிக்குக்கே திரும்புங்கள், இடுப்பிலிருந்து. முழங்காலால் சைக்கிள் மிதித்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் ஃபின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தபடி முழங்காலை நீட்டுங்கள், விட்டுவிடும்.